எனர்ஜி மெட்டீரியல்ஸ் ஆராய்ச்சியாளர்கள் என்ஐடபிள்யூ மனுவை எழுதுவது எப்படி?

அமெரிக்காவில் பேட்டரி, சோலார் செல், ஹைட்ரஜன் வினையூக்கி என்று ஆராய்ச்சி செய்பவர்கள் கம்பெனி ஸ்பான்சர் இல்லாமல் தாங்களே கிரீன் கார்டுக்கு மனு போட இரண்டு வழி இருக்கிறது: ஈபி-1ஏ (அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கான பிரிவு), ஈபி-2 என்ஐடபிள்யூ (ஈபி-2 பிரிவில் தேசிய நலன் கருதித் தரும் விலக்கு). இரண்டுக்கும் படிவம் ஐ-140தான். ஈபி-1ஏவில் பத்து அளவுகோல்களில் மூன்றையாவது காட்ட வேண்டும், காட்டிய பிறகும் நீங்கள் துறையின் உச்சியில் இருக்கிறீர்களா என்று குடிவரவு அதிகாரி தனியாக எடைபோடுவார். பிஎச்டி முடித்துச் சில வருடங்களே ஆனவர்கள் என்ஐடபிள்யூவில் தொடங்குவதுதான் சரி என்பது என் கருத்து.

என்ஐடபிள்யூவுக்கு அடிப்படை 2016 டிசம்பரில் குடிவரவுத் துறையின் மேல்முறையீட்டு அலுவலகம் தந்த தனசார் தீர்ப்பு. அது கேட்பது மூன்று கேள்விகள்: உங்கள் முயற்சிக்குத் தேசிய முக்கியத்துவம் உண்டா, அதை நடத்திக்காட்டும் நிலையில் இருக்கிறீர்களா, உங்களுக்கு லேபர் சர்டிஃபிகேஷனை (அந்த வேலைக்கு உள்நாட்டில் தகுதியானவர் கிடைக்கவில்லை என்று தொழிலாளர் துறை தரும் சான்று) விலக்குவதால் நாட்டுக்கு நன்மையா.

முதல் கேள்வியில்தான் நிறைய பேர் வழுக்குகிறார்கள். பசுமை எரிசக்தி உலகத்துக்கு எவ்வளவு அவசியம் என்று பக்கம் பக்கமாக எழுதிவிடுகிறார்கள், ஆனால் அதிகாரிக்கு வேண்டியது நீங்கள் செய்யப்போகும் குறிப்பிட்ட வேலை. "சோடியம்-அயான் பேட்டரிக்கான கேத்தோடுகளை ஆராய்கிறேன்" என்றால் அது வேலை விவரம், அவ்வளவுதான். "லித்தியமும் கோபால்ட்டும் இல்லாத கேத்தோடை மின்கட்டமைப்புச் சேமிப்புக்குத் தாங்கும்படி மேம்படுத்தி, தயாரிப்பு முறையை மற்ற ஆய்வகங்களும் உற்பத்தியாளர்களும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடுவேன்" என்று எழுதினால் அதன் பலன் உங்கள் லேபைத் தாண்டிப் போவது தெரியும். கூடவே அரசு ஆவணத்தை இணையுங்கள்: அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் முக்கியக் கனிமப் பட்டியலில் லித்தியம், கோபால்ட், நிக்கல், கிராஃபைட் எல்லாம் இருக்கின்றன. தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும் எலெக்ட்ரோலைசரில் இரிடியத்தைக் குறைக்கப் பார்ப்பவர்களுக்கும் இதே பட்டியல் உதவும்.

சோலார்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2025 ஜனவரியில் வந்த அதிபரின் எரிசக்தி அவசரநிலை ஆணை 'எரிசக்தி' என்பதற்குத் தரும் வரையறையில் சூரிய ஒளியும் காற்றும் இல்லை, முக்கியக் கனிமங்கள் உண்டு. அதனால் காலநிலை வாதத்தை மட்டும் நம்பி நிற்காமல், உள்நாட்டு உற்பத்தி, இறக்குமதிச் சார்பு, மின்கட்டமைப்பின் நம்பகம் ஆகியவற்றில் உங்கள் வேலை உண்மையிலேயே எதைத் தொடுகிறதோ அதை முன்னால் வையுங்கள்.

அடுத்து, உங்கள் தகுதி. சைட்டேஷன் எண்ணிக்கை (உங்கள் பேப்பரை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பது) தேவைதான், ஆனால் அது தனியாகப் பேசாது. வேறொருவர் தன் பேப்பரின் முன்னுரையில் பத்துப் பேப்பர்களோடு சேர்த்து ஒரே அடைப்புக்குறிக்குள் உங்களையும் குறிப்பிட்டிருந்தால் அதில் பெரிய பலமில்லை. வேறொரு குழு உங்கள் எலெக்ட்ரோலைட் கலவையை அப்படியே தங்கள் செல்லில் போட்டுப் பார்த்து, அதைச் செய்முறைப் பகுதியிலேயே எழுதியிருந்தால், அந்தப் பத்தியை மஞ்சளில் குறித்து இணையுங்கள். இப்படி நான்கைந்து கிடைத்தாலே மனுவின் எடை மாறிவிடும். ரெகமண்டேஷன் லெட்டரும் அப்படித்தான், உங்களோடு வேலையே செய்யாத ஒருவர் "இவருடைய முறையை இதற்குப் பயன்படுத்தினோம்" என்று எழுதுவது உங்கள் கைடு எழுதும் புகழ்ச்சியை விடப் பல மடங்கு மேல். எல்லாக் கடிதங்களும் ஒரே நடையில் இருந்தால் சந்தேகம் வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கேள்விக்கு நீளமாக எழுத வேண்டாம். லேபர் சர்டிஃபிகேஷன் ஒரு முதலாளியின் ஒரு குறிப்பிட்ட வேலைக்கானது, உங்கள் ஆராய்ச்சி அப்படி ஓரிடத்தில் கட்டுண்டது அல்ல என்பதைச் சொன்னால் போதும்.

மனுவை விரைவாகப் பரிசீலிக்கக் கூடுதல் கட்டணம் (பிரீமியம் பிராசஸிங்) கட்டினால் 45 வேலை நாட்களுக்குள் ஏதாவது ஒரு பதில் வரும். அது ஆர்எஃப்இயாக (கூடுதல் ஆதாரம் கேட்கும் கடிதம்) இருந்தால் பதற வேண்டாம், பதிலுக்கு அதிகபட்சம் 84 நாட்கள் வரை தருவார்கள். கேட்டதற்கு மட்டும், கேட்ட வரிசையிலேயே பதில் எழுதுங்கள்.

அப்புறம், அப்ரூவல் வந்த உடனே கார்டு வந்துவிடாது. வரிசை பிறந்த நாட்டை வைத்துத்தான், இந்தியாவில் பிறந்தவர்களுக்கு ஈபி-2வில் பத்து வருடங்களுக்கும் மேல் தேங்கியிருக்கிறது. அதனாலேயே சீக்கிரம் போட்டு வையுங்கள், இன்று கிடைக்கும் பிரையாரிட்டி டேட்டைப் (வரிசையில் உங்கள் இடத்தைத் தீர்மானிக்கும் தேதி) பின்னால் ஈபி-1ஏவுக்கும் எடுத்துக்கொண்டு போகலாம், எச்-1பி வேலை விசாவை ஆறு வருடத்துக்கு மேல் நீட்டவும் இந்த அப்ரூவல் கைகொடுக்கும். இலங்கையில் பிறந்தவர்களுக்கு இந்திய வரிசை கிடையாது. கணவனோ மனைவியோ அங்கே பிறந்தவர் என்றால், இந்தியாவில் பிறந்தவரும் அவருடைய நாட்டுக் கணக்கிலேயே சேர்ந்துகொள்ளலாம். ஜே-1 பரிமாற்ற விசாவில் வந்தவர்கள், இரண்டு வருடம் சொந்த நாட்டுக்குத் திரும்பி இருக்க வேண்டும் என்ற நிபந்தனை தங்களுக்கு உண்டா என்று இப்போதே பாருங்கள். ஐ-140க்கு அது தடையில்லை, ஆனால் விலக்கு வாங்காமலோ அந்த இரண்டு வருடத்தை முடிக்காமலோ ஐ-485 (அமெரிக்காவில் இருந்தபடியே கிரீன் கார்டு கேட்கும் விண்ணப்பம்) போட முடியாது.