ரவுட்டரில் ஹார்ட் டிஸ்க்கை மாட்டுவதற்கு முன்

இப்போது வாங்கும் ரவுட்டர் வெறும் வைஃபை பெட்டி இல்லை. பின்னால் உள்ள யூஎஸ்பி போர்ட்டில் ஹார்ட் டிஸ்க்கை மாட்டினால் வீட்டிலுள்ள போன், டிவி எல்லாவற்றிலும் படம் பார்க்கலாம், பிரின்டரைப் பகிரலாம், வருகிறவர்களுக்குத் தனி வைஃபை கொடுக்கலாம் என்று செட்டிங்ஸ் நீண்டுகொண்டே போகும். திருகோணமலையில் தெரிந்தவர்கள் வீடுகளில் நான் திரும்பத் திரும்பக் காண்பது ஒன்றைத்தான்: இருக்கிறதே என்று எல்லாவற்றையும் ஓன் பண்ணி விடுகிறார்கள்.

இதில் என்னை உண்மையில் பயப்படுத்துவது, டிஸ்க்கை இணையத்துக்கும் திறந்துவிடுவது. கனடாவில் இருக்கும் மகள் கல்யாணப் படங்களைப் பார்க்கட்டும் என்றுதான் செய்கிறார்கள், ஆனால் அதே கதவு ஊரில் உலகத்தில் உள்ள எல்லோருக்கும் திறக்கலாம். 2014 பெப்ரவரியில் அசுஸ் ரவுட்டர்களின் பாதுகாப்புக் குறைகள் வழியாக 12,900க்கும் மேற்பட்டவர்களின் டிஸ்க்குகளுக்குள் அந்நியர்கள் நுழைந்தார்கள் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் சொன்னது. படங்களை அனுப்ப வேறு வழிகள் எத்தனையோ இருக்கின்றன. வெளியிலிருந்து கட்டாயம் பார்க்கத்தான் வேண்டும் என்றால் ரவுட்டரிலேயே உள்ள விபிஎன் (உங்களுக்கு மட்டும் திறக்கும், மறைகுறியாக்கிய தனிப் பாதை) வழியாக மட்டும் வாருங்கள். சிம் போடும் 4ஜி ரவுட்டரில் பொது ஐபி முகவரி, அதாவது வெளியிலிருந்து நேராக வந்து சேரக்கூடிய இணைய முகவரி, பெரும்பாலும் கிடைக்காது என்பதால் இந்த வசதி வேலை செய்யாமல் போகலாம். அது புரியாமல், வெளியார் நுழைவதைத் தடுக்கும் ஃபயர்வோலை அணைத்துப் பார்க்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அப்புறம் கரண்ட். டிஸ்க்கில் ஏதாவது பதிந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைல்கள் பழுதாகும், சிலவேளை டிஸ்க் முழுவதுமே திறக்காது. யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர்தான், சுழலத் தொடங்கும் டிஸ்க்குக்கு அது போதாமல் போகலாம், டிக் டிக் என்று சத்தம் கேட்டால் உடனே கழற்றிவிட்டு, தனி அடாப்டர் உள்ள டிஸ்க்கைப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலில் ரவுட்டர் அடாப்டரை மட்டும் கழற்றினால் போதாது, தொலைபேசி வயரில் இணைப்பு வருகிறது என்றால் அதையும் கழற்ற வேண்டும். இன்னொன்று, யூஎஸ்பி 3.0 டிஸ்க்கை அன்டெனாவுக்குப் பக்கத்தில் வைத்தால் 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபை பலவீனமாகும். கொஞ்சம் நீளமான நல்ல கேபிள் போட்டுத் தள்ளி வையுங்கள்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் அறைகள் வாடகைக்கு விடுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சீசனில் வருகிற அத்தனை பேருக்கும் வீட்டு வைஃபை பாஸ்வேர்டையே கொடுத்தால், கமராவும் பில் போடும் கணினியும் மாட்டிய டிஸ்க்கும் அவர்களுடைய போன்களோடு ஒரே நெட்வொர்க்கில்தான் இருக்கும். விருந்தினர் வைஃபையை ஓன் பண்ணுங்கள், ஆனால் அதோடு விடாதீர்கள்: உள் நெட்வொர்க்கை அணுக அனுமதி என்று ஒரு தெரிவு இருந்தால் அதை அணைத்துவிட வேண்டும்.

டபிள்யூபிஎஸ் பின், அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலாக ஓர் எண்ணைக் கொடுத்து வைஃபையில் சேரும் வசதியை அணைத்துவிடுங்கள். எட்டு இலக்கம் என்றாலும் ரவுட்டர் அதை இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிக்குள் கண்டுபிடிக்கலாம் என்பது 2011இலேயே வெளியே வந்துவிட்டது.

கடைசியாக ஃபர்ம்வேர், அதாவது ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள். ரவுட்டரின் மொடல் எண்ணைத் தயாரித்த நிறுவனத்தின் பக்கத்தில் தேடிப் பாருங்கள், அப்டேட் நிறுத்தி வருடக்கணக்காகிவிட்டது என்றால் டிஸ்க்கை இன்றைக்கே கழற்றிவிட்டு, புது ரவுட்டருக்குக் காசு சேர்க்கத் தொடங்குங்கள்.