கவனத்துக்கு வராத வைட் ரிசீவரைத் துணிந்து எடுப்பது எப்படி?

ஃபேன்டஸி ஃபுட்பால் என்பது, அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் ஆட்டக்காரர்களைக் கொண்டு நாமே அணி அமைத்து, அவர்கள் களத்தில் ஆடுவதற்கேற்பப் புள்ளி பெறும் விளையாட்டு. அதன் டிராஃப்டின் (ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் சில சுற்றுகளில் யாரை எடுப்பது என்பதில் லீக்கில் உள்ள எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான் இருக்கும். அங்கே மற்றவர்களைப் பெரிதாக முந்திவிட முடியாது. வேறுபாடு உண்டாவது கடைசிச் சுற்றுகளிலும், பருவம் தொடங்கிய பின் யாரும் எடுக்காமல் மிஞ்சியவர்களைக் கொண்டு வாரந்தோறும் திறக்கும் வேவர் பட்டியலிலும்தான். அந்த இரண்டு இடங்களிலும் எறியப்படும் பந்தை ஓடிப் பிடிக்கும் வைட் ரிசீவர்மீது துணிவதே பெரும்பாலும் நல்ல பலன் தருகிறது என்பது என் கருத்து. பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ரன்னிங் பேக் ஒருவருக்கு வாய்ப்பு வர வேண்டுமென்றால் அவருக்கு முன்னால் இருப்பவர் காயமடைய வேண்டியிருக்கிறது. என்எஃப்எல் அணிகளோ பெரும்பாலும் ஒரே நேரத்தில் மூன்று ரிசீவர்களைக் களமிறக்குவதால், மூன்றாம் இடத்தில் இருப்பவர் யாருடைய காயத்துக்கும் காத்திராமல் வரிசையில் முன்னேற முடிகிறது.

லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணி 2023 என்எஃப்எல் டிராஃப்டின் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 5ஆம் சுற்றில், 177ஆவது ஆளாக எடுத்த பூக்கா நகூவா, அந்தப் பருவத்தை 105 கேட்சுகளுடனும் 1,486 யார்டுகளுடனும் முடித்தார். அப்போது இரண்டுமே அறிமுக ஆட்டக்காரருக்கான சாதனைகள். ஸ்டெஃபான் டிக்ஸ் 2015இல் 5ஆம் சுற்றில் வந்தவர். ஆன்டோனியோ பிரவுன் 2010இல் 6ஆம் சுற்றில் வந்தவர். ஆடம் தீலனை எந்த அணியும் டிராஃப்டில் எடுக்கவே இல்லை. இப்படிப்பட்ட ஒவ்வொரு பெயருக்கும் பின்னால், ஒரு வாரம் பேசப்பட்டுப் பின்னர் யாருக்கும் நினைவில்லாமல் போன பலர் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனவே, இந்த இரு வகையினரையும் முன்கூட்டியே பிரித்தறிவதுதான் நம் வேலை.

பிரித்தறிவதற்கான முதல் விதி, கடந்த வாரம் வந்த புள்ளிகளைப் பார்த்து எடுக்காமல், அந்தப் புள்ளிகளை உண்டாக்கிய வேலையைப் பார்த்து எடுப்பதாகும். டாலஸ் கவ்பாய்ஸ் அணியின் கெவின் ஓகிள்ட்ரீ, 2012 பருவத்தின் தொடக்க ஆட்டத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு எதிராக 8 கேட்ச், 114 யார்டு, 2 டச்டவுன் (எதிரணியின் கடைசி எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது) எடுத்தார். மறுவாரமே லீக்குகளில் அவருக்குப் பெரும் போட்டி எழுந்தது. ஆனால் அந்த அணியில் டெஸ் பிரையன்ட், மைல்ஸ் ஆஸ்டின், ஜேசன் விட்டன் ஆகிய மூவர் பந்துக்கான வரிசையில் அவருக்கு முன்னால் இருந்தார்கள். அவர்களில் எவரும் எங்கும் போகப்போவதில்லை. விட்டன் அந்தப் பருவத்தில் 110 கேட்சுகள் பிடித்தார். ஓகிள்ட்ரீ பருவம் முழுவதற்கும் சேர்த்துப் பிடித்தவை 32 மட்டுமே. நகூவாவின் முதல் ஆட்டத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சியாட்டில் சீஹாக்ஸுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் அவர் டச்டவுனே எடுக்கவில்லை. 10 கேட்ச், 119 யார்டு மட்டுமே. ஆனால் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபர்ட் அவரை நோக்கி 15 முறை பந்தை எறிந்திருந்தார். அணியின் முதன்மை ரிசீவரான கூப்பர் கப், தொடைத்தசைக் காயத்தால் ஐஆர் எனும் காயமடைந்தோர் பட்டியலில் இருந்ததால், குறைந்தது 4 ஆட்டங்களுக்கு வரமாட்டார் என்பது முன்னரே தெரிந்திருந்தது. ஆலன் ராபின்சன் ஏப்ரலிலேயே பிட்ஸ்பர்க் அணிக்கு மாற்றப்பட்டிருந்தார். அதாவது, வரிசையில் முன்னால் நின்றவர்கள் உண்மையிலேயே இல்லை.

வேலையை அளக்கப் பல அளவுகள் புழக்கத்தில் இருந்தாலும், என் பார்வையில் முதலிடம் பெறுவது ரூட் பங்கேற்பு. குவார்ட்டர்பேக் பந்தெறியப் பின்வாங்கும் ஒவ்வொரு முறையும் அந்த ரிசீவர் ரூட் (பந்தைப் பெறுவதற்கான ஓட்டப் பாதை) ஓடினாரா என்பதே கேள்வி. பத்தில் எட்டு முறைக்கு மேல் ஓடுபவரை முழுநேர ரிசீவர் எனலாம். பலர், எத்தனை முறை களத்தில் நின்றார் என்று காட்டும் ஸ்னாப் விகிதத்தைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான், ஏனென்றால் ஓட்ட ஆட்டத்தில் தடுப்பதற்காகவே களத்தில் நிறுத்தப்படும் ரிசீவர்கள் உண்டு. அவர்களுடைய ஸ்னாப் எண்ணிக்கை அழகாக இருந்தாலும் பந்து அவர்கள் பக்கம் வருவதில்லை. அடுத்துப் பார்க்க வேண்டியது, ஓடும் ரூட்டுகளில் எத்தனை விழுக்காடு டார்கெட்டாக, அதாவது அவரை நோக்கி எறியப்பட்ட பந்தாக, மாறுகிறது என்பதாகும். ஐந்தில் ஒன்று என்பது நல்ல அளவு. நான்கில் ஒன்றை எட்டுபவர் அணியின் முதன்மை ஆட்டக்காரராக மாறும் தகுதியுடையவர். இரண்டாம் அளவு உயர்ந்தும் முதல் அளவு தாழ்ந்தும் இருப்பவரே நாம் தேடும் ஆள்: களத்தில் இருக்கும்போதெல்லாம் பந்து அவரைத் தேடி வருகிறது, ஆனால் பயிற்சியாளர் இன்னும் அவரை முழுநேரமும் களத்தில் விடவில்லை. அந்த நேரம் மட்டும் கூடிவிட்டால் புள்ளிகள் தாமாகவே கூடும்.

இந்த அளவுகள் புள்ளிகளாக எப்படி மாறுகின்றன என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஓர் அணி ஆட்டத்துக்கு 35 முறை பந்தெறிகிறது என்றும், நம் ஆளுக்கு அதில் 20 விழுக்காடு வருகிறது என்றும் கொண்டால், அது 7 டார்கெட். மூன்றில் இரண்டு பங்கைப் பிடித்தால் 4 அல்லது 5 கேட்ச். கேட்சுக்கு 12 யார்டு வீதம் 50 முதல் 60 யார்டு. கேட்சுக்கு 1 புள்ளியும் 10 யார்டுக்கு 1 புள்ளியும் தரும் பிபிஆர் லீக்கில் இது டச்டவுன் இல்லாமலேயே 10 புள்ளியை ஒட்டி வந்துவிடும். அதே ஆளை 25 முறை மட்டும் எறியும் அணியில் வைத்துப் பார்த்தால் டார்கெட் 5 ஆகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே, தோற்றுக்கொண்டே இருந்து, பின்தங்கிய நிலையிலிருந்து மீளப் பந்தை எறிந்துகொண்டே இருக்கும் மோசமான அணியின் இரண்டாம் ரிசீவர், நன்றாக ஓடி வெல்லும் அணியின் இரண்டாம் ரிசீவரைவிட நமக்குப் பயன்படக்கூடும். இந்த உண்மையை ஏற்கப் பலருக்கு மனம் வருவதில்லை என்பதே அத்தகையவர்கள் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம்.

டிராஃப்டுக்கு முன்பே இவர்களைத் தேடுவதென்றால், காலியான இடங்களிலிருந்து தொடங்க வேண்டும். முந்தைய பருவத்தில் நிறைய டார்கெட் பெற்ற ஒருவர் வேறு அணிக்குப் போயிருந்தால், அந்தப் பந்துகள் யாரோ ஒருவரிடம் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும். ஹூஸ்டன் டெக்சன்ஸின் நிக்கோ காலின்ஸ் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 2021இல் 3ஆம் சுற்றில் எடுக்கப்பட்ட அவர், 2022இல் 37 கேட்ச், 481 யார்டு என்ற அளவிலேயே இருந்தார். 2023 மார்ச்சில் பிரான்டின் குக்ஸ் டாலஸுக்கு மாற்றப்பட்டார். அடுத்த மாதம் டெக்சன்ஸ் அணி டிராஃப்டில் இரண்டாவது ஆளாகக் குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரவுட்டை எடுத்தது; தலைமைப் பயிற்சியாளரும் புதியவர். காலின்ஸின் எண்களைக் குறைத்து வைத்திருந்த சூழல் முழுவதும் ஒரே கோடைக்குள் மாறியபோதும், பெரும்பாலோர் பழைய எண்களைக் கொண்டே அவரை மதிப்பிட்டார்கள். அந்தப் பருவத்தில் அவர் எடுத்தவை 80 கேட்ச், 1,297 யார்டு, 8 டச்டவுன். இரண்டாம், மூன்றாம் ஆண்டில் இருப்பவரும், முந்தைய ஆண்டில் திறமையற்ற குவார்ட்டர்பேக்குகளிடம் சிக்கியிருந்தவரும், இவ்வாண்டில் வரிசையில் ஒருபடி ஏறியிருப்பவருமான ரிசீவர் கிடைத்தால் அவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் மாதப் பயிற்சி முகாம் செய்திகளை இந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும். ஒற்றைக் கையால் பந்தைப் பிடித்தார் என்ற காணொளிக்கு எந்த மதிப்பும் இல்லை. ஒவ்வொரு முகாமிலும் தினமும் யாரோ ஒருவர் அப்படிப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார். முன்பருவ ஆட்டத்தில் முதல்நிலைக் குவார்ட்டர்பேக் களத்தில் இருந்த அந்தச் சில தொடர்களில் நம் ரிசீவரும் களத்தில் இருந்தாரா, பின்னர் அந்தக் குவார்ட்டர்பேக்கோடு சேர்த்து ஓய்வு கொடுக்கப்பட்டாரா என்ற ஒரு வரிச் செய்திக்கு மதிப்பு மிக அதிகம். நான்காம் காலாண்டில் மூன்றாம்நிலை ஆட்டக்காரர்களுக்கு எதிராக 2 டச்டவுன் எடுத்தவரைவிட, நான்கு ரூட் மட்டும் ஓடிவிட்டு அமர வைக்கப்பட்டவரையே நான் எடுப்பேன்.

உங்கள் லீக்கின் புள்ளி விதியைப் பார்க்காமல் எவரையும் எடுக்க வேண்டாம். நகூவாவின் முதல் ஆட்டம் முழு பிபிஆர் லீக்கில் 21.9 புள்ளி, கேட்சுக்கு அரைப் புள்ளி தரும் லீக்கில் 16.9; கேட்சுக்குப் புள்ளியே இல்லாத லீக்கில் 11.9. குறுகிய ரூட் ஓடி நிறையப் பிடிக்கும் ஸ்லாட் ரிசீவர் முதல் வகையில் தங்கம், மூன்றாம் வகையில் சாதாரணம்.

இனி விலையைப் பற்றி. டிராஃப்டில் இத்தகைய துணிச்சலுக்கான இடம் கடைசி நான்கு சுற்றுகள். இரண்டாவது கிக்கர், இரண்டாவது தற்காப்பு அணி, ஒரே குவார்ட்டர்பேக்கை ஆட வைக்கும் லீக்கில் இரண்டாவது குவார்ட்டர்பேக் ஆகியவற்றுக்குச் செலவிடும் இடத்தை இதற்குக் கொடுத்துவிடலாம். வாரத்துக்கு 8, 9 புள்ளி தருவார் என்று உறுதியாகத் தெரிந்த ரிசீவரைப் பெஞ்சில் வைத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஏனென்றால் அத்தகையவர் வேவர் பட்டியலில் எப்போதும் கிடைப்பார். பருவம் தொடங்கிய பின், வேவர் ஆட்களை ஏலத்தில் எடுக்க 100 டாலர் கற்பனைத் தொகை தரும் லீக்குகளில், முதல் மூன்று வாரங்களில் தாராளமாகவும் அதன் பின்னர் கையைச் சுருக்கியும் கேட்பதே முறை. செப்டம்பரில் வாங்கிய ஆள் பருவம் முழுவதும் உழைப்பார், டிசம்பரில் மிஞ்சிய டாலருக்கு எந்தப் பயனும் இல்லை. முன்னால் இருப்பவர் ஐஆர் பட்டியலுக்குப் போய், உங்கள் ஆள் முழுநேரமும் ரூட் ஓடி, 10 டார்கெட்டுக்கு மேல் பெற்றிருந்தால் தொகையில் கால் பங்கைக் கொடுக்கத் தயங்க வேண்டாம். வெறும் ஊகம் என்றால் 2, 3 டாலருக்கு மேல் போக வேண்டியதில்லை. பெரும்பாலோர் 10, 15, 20 என்று முழு எண்களில் கேட்பார்கள். 11, 16, 21 என்று கேட்பது சிறு தந்திரம்தான், ஆனால் பலிக்கிறது.

அடுத்தவரின் காயத்தால் கிடைத்த வாய்ப்பைக் குறுகிய காலத்தது என்று ஒதுக்கிவிடுவதும் தவறு. 2024இன் மூன்றாம் வாரத்தில் டீபோ சாமுவேலும் ஜார்ஜ் கிட்டிலும் ஆடாதபோது, சான் பிரான்சிஸ்கோவின் ஜவான் ஜென்னிங்ஸ் ராம்ஸுக்கு எதிராக 11 கேட்ச், 175 யார்டு, 3 டச்டவுன் எடுத்தார். அவர்கள் திரும்பியதும் அடங்கிவிடுவார் என்று எண்ணி அவரை விட்டவர்கள் உண்டு. அக்டோபரில் பிரான்டன் ஐயுக் முழங்கால் காயத்தால் பருவத்தையே இழந்தபோது ஜென்னிங்ஸுக்கு நிரந்தர இடம் கிடைத்தது. ஒருமுறை நன்றாகச் செய்து காட்டியவரைத்தான் பயிற்சியாளர் மறுமுறையும் அழைக்கிறார். கூப்பர் கப் ஐந்தாம் வாரத்தில் திரும்பிய பின்னரும் நகூவாவுக்கான பந்துகள் நின்றுவிடவில்லை.

எடுத்த ஆளை எத்தனை வாரம் வைத்திருப்பது என்பதை எடுக்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். ரூட் பங்கேற்பு கூடிக்கொண்டே போகுமானால், புள்ளி வராவிட்டாலும் மூன்று வாரம் பொறுக்கலாம். அது குறைந்தால், அந்த வாரம் அவர் 60 யார்டு டச்டவுன் எடுத்திருந்தாலும் விட்டுவிடலாம். இன்னும் நல்லது, அந்த டச்டவுனைக் காட்டி அவரை வேறொருவருக்குக் கைமாற்றிவிடுவது. அறிமுக ஆட்டக்காரர்களுக்கு மட்டும் இன்னும் சற்று நீண்ட கயிறு கொடுக்க வேண்டும். டெட்ராய்ட் லயன்ஸின் ஏமன்-ரா செயின்ட் பிரவுன், 2021இல் 4ஆம் சுற்றில் வந்தவர், தம் முதல் பருவத்தின் பெரும்பகுதியில் சாதாரணமாகவே ஆடினார். கடைசி 6 ஆட்டங்களில் 51 கேட்ச், 560 யார்டு, 5 டச்டவுன் எடுத்தார். அது ஃபேன்டஸி லீக்குகளின் இறுதிச் சுற்றுகள் நடக்கும் காலம் என்பதால், டிசம்பரின் முதல் வாரத்தில் அவரை எடுத்தவர்களுக்கு அது டிராஃப்டின் இரண்டாம் சுற்று ஆளுக்கு நிகரான வரவாயிற்று.

எடுத்த வாரமே அவரை ஆட வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பை வாரம் (ஓர் அணிக்கு ஆட்டம் இல்லாத வாரம்) குறுக்கிட்டாலன்றி, ஒரு வாரம் பெஞ்சில் வைத்து, புதன் முதல் வெள்ளி வரையிலான பயிற்சி அறிக்கைகளைப் பார்த்து, ஆட்டம் தொடங்க 90 நிமிடத்துக்கு முன் வெளியாகும் ஆடாதோர் பட்டியலையும் உறுதி செய்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

விற்பதற்கும் ஒரு காலம் உண்டு. 2023இல் 32 வயதில் கரோலினா பேந்தர்ஸில் சேர்ந்த ஆடம் தீலனை, வயதையும் அணியின் நிலையையும் கண்டு ஃபேன்டஸி டிராஃப்டில் பெரும்பாலோர் கடைசி வரை விட்டுவைத்தார்கள். அவர் 103 கேட்ச், 1,014 யார்டு எடுத்தார். ஆனால் அந்த உழைப்பின் பெரும்பகுதியும் அவருடைய 4 டச்டவுன்களும் பருவத்தின் முதல் பாதியிலேயே வந்துவிட்டன. இளையவராக இருந்தால் வைத்துக்கொண்டு காத்திருக்கலாம். மூத்தவர் ஒருவர் எதிர்பார்ப்பை மீறி ஆடும்போது, லீக்கில் ரிசீவர் இன்றித் தவிக்கும் அணியிடம் அக்டோபரிலேயே பேச்சைத் தொடங்கிவிட வேண்டும், ஏனெனில் பெரும்பாலான லீக்குகளில் பரிமாற்றத்துக்கான கெடு நவம்பரில் முடிந்துவிடுகிறது.