வேக்குவம் ஓஸ் மாட்டும்போது செய்யும் தவறுகள்

கார்புரேட்டரைச் சுத்தம் செய்து மாட்டிய அன்றைக்குத்தான் என் அம்பாசடர் முன்னைவிட மோசமாக ஓடியது. ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) எகிறியது. சிக்னலில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடி திணறிவிட்டு அப்புறம்தான் கிளம்பியது. எல்லோரையும் போல நானும் டியூனிங் ஸ்க்ரூவைத் திருக ஆரம்பித்தேன். அரை நாள் போனது. கடைசியில் பார்த்தால், சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு ரப்பர் ஓஸ், அதாவது எஞ்சினின் உறிஞ்சலைக் கடத்தும் வேக்குவம் ஓஸ், தப்பான நிப்பிளில் (ஓஸைச் செருகும் சிறு குழாய் முனை) உட்கார்ந்திருந்தது.

அளவு பொருந்துகிறது, அதனால் இடமும் இதுதான் என்று மாட்டிவிடுவதுதான் பெரிய தவறு. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் ஓஸின் துளை, கார்புரேட்டருக்குள் மூடியிருக்கும் த்ராட்டில் தட்டின் விளிம்புக்குச் சற்று மேலே இருக்கும். ஐடிலில் அங்கே உறிஞ்சல் கிடையாது. மிதித்து, தட்டு கொஞ்சம் திறந்த பிறகுதான் உறிஞ்சல் வந்து டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, முன்னால் தள்ளும். அதே ஓஸை, கார்புரேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயான மானிஃபோல்டில் மாட்டினால் ஐடிலிலேயே டைமிங் முன்னேறி நிற்கும். திடீரென்று மிதித்தால் உறிஞ்சல் விழும், டைமிங்கும் பின்வாங்கும். மானிஃபோல்டிலிருந்தே எடுக்கும்படி அமைத்த கார்களும் உண்டு, அமெரிக்க வண்டிகளில் சில அப்படித்தான். எனவே பக்கத்து வண்டியைப் பார்த்து மாட்டாதீர்கள், உங்கள் வண்டியின் மேனுவலைப் பாருங்கள். கழற்றும் முன் போனில் நாலு கோணத்தில் போட்டோ எடுத்து, ஓஸுக்கும் நிப்பிளுக்கும் ஒரே நிற டேப் ஒட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சரியான இடத்தில் மாட்டியும் பிக்கப் இல்லையா? டிஸ்ட்ரிபியூட்டரில் அந்த உறிஞ்சலை வாங்கும் யூனிட்டுக்குள் இருக்கும் சவ்வு (டயாப்ரம்) கிழிந்திருக்கலாம். ஓஸின் கார்புரேட்டர் முனையைத் துடைத்து, வாயில் வைத்து உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பாருங்கள். நாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றால் நல்லது. லூகாஸ் கம்பெனியின் பழைய யூனிட்டில் 5-17-10 என்பதுபோல மூன்று எண்கள் பொறித்திருக்கும்: 5 அங்குலப் பாதரச உறிஞ்சலில் தொடங்கி, 17-ல் முடிந்து, டிஸ்ட்ரிபியூட்டரை 10 டிகிரி திருப்பும் என்று அர்த்தம். கிராங்க் ஷாஃப்ட் டிஸ்ட்ரிபியூட்டரைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றுவதால் அங்கே அது 20 டிகிரி. வேறு எண் உள்ள யூனிட்டைக் 'கிடைத்ததே' என்று வாங்கிப் போட்டால் டைமிங் கணக்கே மாறிவிடும்.

பிரேக் பூஸ்டர் (உறிஞ்சலால் பிரேக் பெடலை லேசாக்கும் கருவி) இருக்கும் வண்டியில் விளையாட்டே வேண்டாம். அந்த ஓஸில் இருக்கும் ஒருவழி வால்வு, காற்றை எஞ்சின் பக்கம் மட்டுமே விட வேண்டும். பூஸ்டர் பக்கமிருந்து ஊதினால் போக வேண்டும், எதிர்ப்பக்கமிருந்து போகக் கூடாது. மாட்டிய பிறகு எஞ்சினை அணைத்துவிட்டுப் பெடலை அது இறுகும் வரை பலமுறை மிதியுங்கள். அப்படியே அழுத்திக்கொண்டு ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காத வண்டியைத் தெருவுக்கு எடுக்காதீர்கள்.

மீன் தொட்டிக் குழாயை மாட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சூட்டில் இளகி, உறிஞ்சலில் சப்பையாக ஒட்டிக்கொள்ளும். வேக்குவத்துக்கென்று வரும் தடித்த ரப்பர் ஓஸே போடுங்கள். பயன்படாத நிப்பிளை ஸ்க்ரூ திணித்து அடைப்பதும் வேண்டாம், ரப்பர் மூடி மலிவுதான்.

எங்கோ ஏர் எடுக்கிறது என்று சந்தேகம் வந்தால், சூடான மானிஃபோல்டின் மேல் கார்புரேட்டர் கிளீனரை அடிக்காதீர்கள், தீப்பிடிக்கும். எஞ்சின் ஓடும்போது, ஃபேனில் கை படாமல், ஒவ்வொரு ஓஸாகத் துணி சுற்றிய குறடால் நசுக்குங்கள். எதை நசுக்கும்போது ஐடில் சட்டென்று மாறி ஒழுங்காகிறதோ, அந்த வழியில்தான் ஓட்டை.

வேக்குவம் கேஜ் (உறிஞ்சலை அளக்கும் மீட்டர்) வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கடல் மட்டத்தில் நல்ல எஞ்சின் ஐடிலில் பொதுவாக 17 முதல் 21 அங்குலம் காட்டும். ஆயிரம் அடி ஏறினால் சுமார் ஒரு அங்குலம் குறையும். ஊட்டி 7,300 அடிக்கு மேல். சென்னையில் 19 காட்டிய முள் அங்கே 12-ல் நின்றால், பானெட்டைத் திறந்து ஓஸைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.