மூக்கு நுனியும் மனசும்: தெர்மல் கேமராவில் ஒரு முதல் பரிசோதனை

பயந்தால் முகம் வெளிறும், வெட்கப்பட்டால் சிவக்கும். எல்லாம் தோலுக்கடியில் ஓடும் ரத்தத்தின் வேலைதான். மனம் பதறும்போது சிம்பதெடிக் நரம்புகள் (நாம் நினைக்காமலே உடலை உஷார்ப்படுத்தும் நரம்புகள்) முடுக்கிவிட, தோலிலுள்ள சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் சுருங்கும். ரத்த ஓட்டம் குறைந்தால் சூடும் குறையும். முகத்தில் இது நன்றாகத் தெரிகிற இடம் மூக்கு நுனி. நெற்றி அவ்வளவு சுலபத்தில் அசைந்துகொடுக்காது. இந்த இரண்டையும் ஒப்பிடுவதுதான் நாம் செய்யப்போவது.

1. கேமரா

தெர்மல் கேமரா நம் தோல் வெளிவிடும் அகச்சிவப்புக் கதிர்களைப் பிடிக்கிறது, பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில். அதனால் அறை இருட்டாக இருந்தாலும் கவலையில்லை. வெறும் வண்ணப் படம் மட்டும் தரும் கேமரா போதாது. பிக்சலுக்குப் பிக்சல் வெப்பநிலையைத் தருவதாகப் பாருங்கள். முகம் படத்தை நிறைத்தால் 160×120 பிக்சலே போதும். எமிசிவிட்டி (ஒரு பரப்பு எவ்வளவு நன்றாக வெப்பக் கதிரை வெளிவிடுகிறது என்பதைச் சொல்லும் எண்) என்ற அமைப்பில் 0.98 என்று வையுங்கள், மனிதத் தோலுக்கு அதுதான்.

விவரக்குறிப்பில் ‘துல்லியம் ±5 டிகிரி’ என்று இருந்தால் பயப்பட வேண்டாம். சூடு எவ்வளவு என்பதைவிட எவ்வளவு மாறியது என்பதுதான் நமக்கு முக்கியம். 0.05 டிகிரி வித்தியாசத்தை உணரக்கூடிய சென்சார் இருந்தால் போதும்.

2. ஆளைத் தயார் செய்தல்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய வேலை இது. முகம் அறைச் சூட்டுக்குப் பழக 15 நிமிடமாவது உட்கார வையுங்கள். அதற்கு முன் காபி, சிகரெட், உடற்பயிற்சி கூடாது. கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள். இந்த அலைகள் கண்ணாடியை ஊடுருவாது என்பதால், படத்தில் ஆள் கறுப்புக் கூலிங்கிளாஸ் போட்ட மாதிரி தெரிவார்.

காற்று முகத்தில் படவே கூடாது. என் முதல் பதிவில் மூக்குச் சூடு அழகாக, படிப்படியாக இறங்கியது. நண்பர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, பரிசோதனை தொடங்கிய அதே நேரத்தில் யாரோ மின்விசிறியைப் போட்டிருக்கிறார்கள்!

3. பதிவு

முதல் 5 நிமிடம் சாதாரண நிலை, அடுத்த 3 நிமிடம் பதற்றம், மறுபடி 5 நிமிடம் ஓய்வு. பதற்றத்துக்கு மனக்கணக்கு கொடுக்கலாம்: 1022-இலிருந்து 13 13-ஆகக் கழித்துக்கொண்டே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 1009, 996, 983... தப்பினால் மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது தப்பிலேயே பலருக்கு எரிச்சல் வந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல். பேசும்போது மூச்சும் மாறும், தலையும் ஆடும். ஆகவே சாதாரண நிலையிலும் 1, 2, 3 என்று வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். அப்போதுதான் பேச்சால் வந்த மாற்றத்தைப் பதற்றத்தால் வந்தது என்று எண்ணி ஏமாற மாட்டீர்கள்.

நடுநடுவே கேமராவிலிருந்து ‘கிளிக்’ என்று சத்தம் வரலாம். உள்ளே ஷட்டர் மூடித் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதையொட்டிய சில விநாடிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

4. கணக்கு

மூக்கு நுனியில் ஒரு சின்னச் சதுரம், நெற்றி நடுவில் ஒன்று. மூக்குத் துவாரம் சதுரத்துக்குள் வரக்கூடாது, ஏனென்றால் மூச்சு விடும்போதெல்லாம் அங்கே சூடு ஏறி இறங்கும். நெற்றியில் முடியைத் தவிர்க்கவும். தானாக முகம் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் சாதாரணப் புகைப்படங்களில் பழகியவை, தெர்மல் படத்தில் தடுமாறும். முதல் முறை 10 விநாடிக்கு ஒரு ஃபிரேம் எடுத்துக் கையாலேயே குறியுங்கள்.

சில கேமராக்கள் வெப்பநிலையைக் கெல்வின் அளவில், நூறால் பெருக்கித் தரும். 30715 என்று வந்தால் 100-ஆல் வகுத்து 273.15-ஐக் கழிக்க வேண்டும்: 34.00 டிகிரி செல்சியஸ். ஒவ்வொரு சதுரத்துக்கும் சராசரி எடுத்து, நெற்றியிலிருந்து மூக்கைக் கழியுங்கள். ஒரு பேச்சுக்கு, முதலில் 34.6 − 33.9 = 0.7, கணக்குப் போடும்போது 34.6 − 33.1 = 1.5 என்று வந்தால் மூக்கு குளிர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கேமரா மொத்தமாக அரை டிகிரி தவறாகக் காட்டினாலும் இந்தக் கழித்தலில் அது அடிபட்டுவிடும்.

மூக்குச் சூட்டை வரைபடமாகப் போட்டால் கோடு உடனே இறங்காது, பத்துப் பதினைந்து விநாடி பொறுக்க வேண்டியிருக்கும். திரும்ப ஏற நிமிடங்கள் பிடிக்கும். கண நேரத்தில் வந்து போகிற உணர்ச்சியை இந்த வழியில் பிடிக்க முடியாது.

5. என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது

மூக்கு குளிர்ந்தால் ‘இவருக்குப் பயம்’ என்று எழுதிவிடாதீர்கள். 2008-இல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வில், கைக்குழந்தைகள் சந்தோஷமாகச் சிரித்தபோதும் மூக்குச் சூடு இறங்கியது. உடல் கிளர்ந்திருக்கிறது என்பதை மட்டும்தான் இந்தக் கோடு சொல்லும். எந்த உணர்ச்சி என்பதை ஆளிடமே கேளுங்கள்: ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பதற்றத்துக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் போடச் சொல்லி, வரைபடத்துக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

அனுமதி கேட்காமல் யாரையும் படம் பிடிக்க வேண்டாம். பணியிடத்திலும் கல்வி நிலையங்களிலும் உணர்ச்சியை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடை செய்திருக்கிறது.

சரி, எல்லாம் ஒழுங்காக வந்ததா? மறுநாள் அதே நேரத்தில், அதே ஆளை, அதே நாற்காலியில் உட்காரவைத்து, கணக்குக்குப் பதிலாக ஒரு நகைச்சுவைக் காட்சியைப் போட்டுக் காட்டுங்கள். இரண்டு வரைபடங்களிலும் எது எது என்று குறிப்பில்லாமல் ஒரு நண்பரிடம் நீட்டி, பிரிக்க முடிகிறதா பாருங்கள்.