பால்புதுமையர் நூல்களுக்கு மதிப்புரை எழுதும் முறை

பால்புதுமையர், அதாவது பாலினத்திலோ பாலீர்ப்பிலோ வழக்கமான வரையறைக்குள் அடங்காதவர், வரும் நூலுக்கு மதிப்புரை எழுத அமரும் முன், அதில் வருபவர் யார் என்பதைத் துல்லியமாகக் குறித்துக்கொள்ளுங்கள். தன்பாலீர்ப்புள்ள பெண், ஈரின ஈர்ப்புள்ள ஆண், திருநம்பி (பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்ட ஆண்) என எல்லோரையும் ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டால், தம்மைப் போன்ற ஒருவரைத் தேடி வரும் வாசகர் ஏமாந்துபோவார். கதைமாந்தர் தம்மை எப்படி அழைத்துக்கொள்கிறாரோ அந்தச் சொல்லையே எழுதுங்கள்; அவர் எந்தச் சொல்லையும் ஏற்காதபோது நாமாக ஒன்றைச் சூட்ட வேண்டியதில்லை.

தமிழில் எழுதுபவருக்கு வினைமுற்றில்தான் கவனம் தேவை. ‘நான் வந்தேன்’ என்று தன்மையில் நகரும் கதையில், சொல்பவர் ஆணா பெண்ணா என்பதை ஆசிரியர் கடைசிவரை மறைத்து வைத்திருக்கலாம். மதிப்புரையில் ‘கதைசொல்லி அவளைச் சந்திக்கிறான்’ என்று எழுதிய கணமே, அவர் பொத்திக் காத்ததை ஓர் ‘ஆன்’ விகுதி உடைத்துவிடும். திருநங்கை ஒருவர் முற்பகுதியில் பழைய பெயரில் வந்தாலும், மதிப்புரை முழுவதும் அவரது இன்றைய பெயரும் ‘வந்தாள்’ என்ற வினையுமே இருக்கட்டும். ஆண், பெண் இரண்டிலும் அடங்காதவருக்கு ‘அவர்’ இயல்பாகப் பொருந்துகிறது; ஆங்கில நூலில் இப்படிப்பட்ட ஒருவரைக் குறிக்க வரும் ‘they’ என்ற பன்மையைப் பார்த்து ‘அவர்கள்’ என்று எழுதினால், அறையில் நான்கு பேர் நிற்பதாக வாசகர் எண்ணிக்கொள்வார்.

முடிவைச் சொல்லலாமா என்ற கேள்விக்கு இங்கே எடை அதிகம். இத்தகைய கதைகளில் காதலர் இறப்பதோ பிரிவதோ நெடுங்காலம் எழுதப்படாத விதியாகவே இருந்தது. ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர் 1913–14இல் எழுதிய ‘மாரிஸ்’ நாவலை இரு ஆண்கள் இணைவதாக முடித்தார். அவர் மறைந்த பிறகு, 1971இல்தான் அது அச்சேறியது. அமெரிக்க எழுத்தாளர் பாட்ரீசியா ஹைஸ்மித் இரு பெண்களின் காதலை நம்பிக்கையோடு முடித்த நாவலை 1952இல் புனைபெயரில் வெளியிட்டார். சாவில் முடியும் கதைகளையே படித்துச் சலித்த வாசகர், இருவரும் பிழைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் சிலவேளை நூலையே திறப்பார். ஆகவே முடிவின் விவரத்தைச் சொல்லாமல், அதன் தன்மையை மட்டும் தொடக்கத்திலேயே குறிப்பிடுவது என் வழக்கம். வன்முறையோ தற்கொலையோ வந்தால் அதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

அதன்பின் எழுத்துக்கு வாருங்கள். மேசைக்கு எதிரெதிரே இரு பெண்கள். ஒருத்தி நகர்த்தும் கோப்பையின் அருகே மற்றவளின் விரல்கள் சற்றே நின்று விலகுகின்றன என்று கொள்வோம். ‘நெகிழ்ச்சியான காட்சி’ என்று கடந்துவிடாமல், அது யார் பார்வையில் சொல்லப்படுகிறது, ஆசிரியர் எந்தச் சொல்லை விழுங்குகிறார் என்று காட்டுங்கள். ஓரிரு வரிகளை அப்படியே மேற்கோளாக எடுத்தாளுங்கள். இத்தகைய நூல்கள் குறைவு என்பதற்காகத் தளர்ந்த நடையைப் புகழ வேண்டாம். அந்தச் சலுகை எழுதியவருக்கும் நன்மை செய்யாது.

ஆசிரியரின் பாலீர்ப்பை ஊகித்து எழுதவே கூடாது. அவரே பொதுவில் சொல்லியிருந்தால் ஒரு வரி போதும். சொல்லாதவரைப் பற்றி நாம் எழுதும் ஊகம் அவருடைய வேலையையும் வீட்டையும் பறித்துவிடக்கூடும்.