டிராக்கன்ஸ்பெர்க்கில் கேரவன் போடுகிறீர்களா?

தென்னாப்பிரிக்காவில் ஜூலை என்றால் குளிர்காலம். அந்த விடுமுறைக்கு டர்பனிலிருந்து கேரவனை இழுத்துக்கொண்டு டிராக்கன்ஸ்பெர்க் மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ராயல் நேட்டால் பூங்காவிலுள்ள மஹாய் முகாம் மரநிழலும் ஆற்றுச் சத்தமுமாக அருமையான இடம். ஆனால் டர்பன் குளிரை மனதில் வைத்துக் கிளம்பாதீர்கள். அங்கே இரவில் உறைபனி விழும்.

படுக்கும்முன் தண்ணீர்க் குழாயைக் கழற்றி, உள்ளே நிற்கும் நீரை வடித்துவிடுங்கள். நான் ஒருமுறை சோம்பலில் அப்படியே விட்டேன். காலையில் குழாய் கம்பு மாதிரி விறைத்துக் கிடந்தது. தேநீருக்கு வெயில் ஏறும்வரை காத்திருந்தோம். சின்ன கேஸ் டப்பாவில் வெறும் பியூட்டேன் இருந்தால் 0 டிகிரி பக்கம் எரிய மறுக்கும், புரோப்பேன் கலந்ததாக வாங்குங்கள். குளிருக்குப் பயந்து ஜன்னலை முழுக்க அடைக்காதீர்கள். விரலளவு திறந்திருந்தால் மூச்சுக்காற்றின் ஈரம் மெத்தையில் இறங்காது. கேஸ் அடுப்பைக் கணப்பாகப் பயன்படுத்தவே கூடாது, நச்சுவாயு ஆளைக் கொல்லும்.

அப்புறம் பபூன் குரங்குகள். சமூசா டப்பாவை வெளிமேசையில் வைத்துவிட்டு நடக்கப் போனால், திரும்பி வரும்போது மூடி மட்டும்தான் இருக்கும்.