குகை அளவைத் தரவுக்குப் பொது வடிவம் வகுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள மாமத் குகையில் இதுவரை அளக்கப்பட்ட வழிகளின் நீளம் 680 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. ஃபிளின்ட் ரிட்ஜ் குகைத் தொகுதியும் மாமத் குகையும் ஒன்றே என்பது 1972இல் தெரியவந்தது. அதற்கு முன்னும் பின்னும் பல தலைமுறையினர் நாடா, திசைகாட்டி, சாய்வுமானி ஆகியவற்றோடு உள்ளே இறங்கி எழுதிவந்த எண்கள்தாம் அந்த வரைபடத்துக்கு அடிப்படை. குகை அளவையில் மனித உழைப்பு முழுவதும் இந்த எண்களில்தான் இருக்கிறது. ஆனால் அவற்றைச் சேமிக்கும் சர்வெக்ஸ், காம்பஸ், வால்ஸ், விசுவல்டோப்போ, தேரியன் போன்ற மென்பொருள்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கோப்பு வடிவத்தை வைத்திருக்கின்றன. இவற்றுக்கிடையே தரவைப் பரிமாற ஒரு பொது வடிவம் தேவை என்பதில் ஐயமில்லை. அதை வகுக்க முனைவோர் பெரும்பாலும் சறுக்கும் இடங்களை இங்கே விளக்குகிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கணக்கிட்டுக் கிடைத்த முடிவை மட்டும் கோப்பில் வைப்பது. ஒவ்வோர் அளவைப் புள்ளிக்கும் கிழக்கு, வடக்கு, உயரம் என மூன்று எண்கள் இருந்தால் படம் வரைந்துவிடலாம். ஆகவே அதுவே போதும் என்று தோன்றும். ஆனால் குகை வழிகள் சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே சேரும்போது அளவுகள் ஒருபோதும் சரியாகப் பொருந்துவதில்லை. எஞ்சும் பிழையை மீச்சிறு வர்க்க முறை போன்ற ஒரு கணக்கால் சுற்று முழுவதும் பகிர்ந்த பிறகே அந்த மூன்று எண்களும் பிறக்கின்றன. அடுத்த ஆண்டு ஒரு புதிய இணைப்பு வழி கண்டுபிடிக்கப்பட்டால் பிழையை மீண்டும் பகிர வேண்டும். அதற்கு நாடாவில் படித்த நீளமும், திசைக்கோணமும், சாய்வுக்கோணமும் கையில் இருக்க வேண்டும். முடிவுகளைச் சேர்த்து வைப்பதில் தவறில்லை. ஆனால் களக் குறிப்பேட்டில் எழுதிய எண் எழுதியபடியே கோப்பில் இருந்தாக வேண்டும், திருத்தங்கள் அதன் அருகில் தனியாக நிற்க வேண்டும் என்பதில் நான் சிறிதும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அந்தத் திருத்தங்களின் குறியில்தான் அடுத்த பள்ளம் இருக்கிறது. ஓரிடத்தில் காந்த ஒதுக்கம், அதாவது காந்த ஊசி காட்டும் வடக்கு உண்மை வடக்கிலிருந்து விலகும் கோணம், 5 டிகிரி கிழக்கு என்று கொள்வோம். காம்பஸ் கோப்பில் திருத்தம், படித்த எண்ணோடு கூட்டப்படும். ஆகவே 5 என்று எழுதுவோம். சர்வெக்ஸின் பழைய அளவுத்திருத்தக் கட்டளையோ கொடுத்த எண்ணைக் கழிக்கும். அங்கே −5 என்று எழுத வேண்டும். பொது வடிவம் ‘ஒதுக்கம்: 5’ என்று மட்டும் சொன்னால், படிப்பவர் எதிர்க்குறியில் எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. அப்படி நேர்ந்தால் திசை 10 டிகிரி பிசகும். ஒரு கிலோமீட்டர் நேராகச் செல்லும் வழியின் மறுமுனை ஏறத்தாழ 174 மீட்டர் தள்ளிப் போய்விடும். எனவே கூட்டுவதா கழிப்பதா, கிழக்கு நேர்க்குறியா எதிர்க்குறியா, கோப்பிலுள்ள எண் திருத்தப்பட்டதா இல்லையா என்ற மூன்றையும் வடிவத்தின் விளக்கமே உறுதியாகச் சொல்லிவிட வேண்டும்.

காந்த ஒதுக்கம் ஆண்டுதோறும் மாறுவதால் அளந்த நாளும் ஒரு அளவீடுதான். இங்கிலாந்தில் 1970களில் காந்த ஊசி உண்மை வடக்கிலிருந்து பல டிகிரி மேற்கே விலகி நின்றது. 2019இல் கிரீனிச்சில் அது உண்மை வடக்கோடு ஒன்றியது. ஒரே குகையில் இந்த இரு காலங்களிலும் அளந்தவற்றை நாள் குறிப்பிடாமல் ஒட்டினால் வழிகள் ஒன்றோடொன்று சேரா. காம்பஸ் கோப்புகளில் மாதம் முதலிலும் நாள் அடுத்தும் வரும். ஆண்டு பெரும்பாலும் இரண்டு இலக்கம். ‘7 10 79’ என்பதை ஜூலை 10 என்று படிக்காமல் அக்டோபர் 7 என்று படித்தால் காந்தக் கணக்கு பெரிதாகக் கெட்டுவிடாது, ஆனால் அந்த நாளின் குறிப்பேட்டைத் தேடுபவர் தவறான பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார். நான்கு இலக்க ஆண்டு, பிறகு மாதம், பிறகு நாள் என்ற வரிசையைக் கட்டாயமாக்குங்கள்.

இல்லாத அளவையும் சுழியையும் ஒன்றாக்கக் கூடாது. புள்ளியிலிருந்து இடப்பக்கச் சுவருக்கு 0 என்றால் புள்ளி சுவரிலேயே இருக்கிறது என்று பொருள். அளக்கவில்லை என்பது முற்றிலும் வேறு செய்தி. காம்பஸ் இதற்கு −9.90 போன்ற எண்களைப் பயன்படுத்துகிறது. இதை அறியாத நிரல், சுவரைப் புள்ளிக்கு மறுபக்கத்தில் வரைந்துவிடும். இடம், வலம், மேல், கீழ் ஆகிய நான்கு அளவுகளும், இரு புள்ளிகளுக்கிடையே அளந்த கோட்டின் தொடக்கப் புள்ளிக்கு உரியவையா முடிவுப் புள்ளிக்கு உரியவையா என்பதையும் கோப்பே சொல்ல வேண்டும்.

புள்ளிகளின் பெயர்களிலும் கவனம் தேவை. காம்பஸில் ‘ஏ1’ என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதினால் ஒரு புள்ளி, சிறிய எழுத்தில் எழுதினால் வேறொரு புள்ளி. சர்வெக்ஸோ வேறு கட்டளை இல்லாதவரை எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கிவிடும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் கோப்பை ஒரு வடிவத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் நிரல், தொடர்பில்லாத இரண்டு அறைகளை ஒரே புள்ளியில் முடிச்சுப் போட்டுவிடும்.

டிஸ்டோஎக்ஸ் போன்ற லேசர் கருவிகள் வந்தபின், ஒரு புள்ளியில் நின்றபடி சுவர்களை நோக்கிப் பத்து இருபது அளவுகள் எடுப்பது வழக்கமாகிவிட்டது. அவற்றைத் தனி வகையாகக் குறிக்க இடமில்லாத வடிவத்தில் அவையும் வழியின் கோடுகளாகக் கணக்கேறி, குகையின் நீளத்தை ஊதிப்பெருக்கும். மறு அளவை, தரைமேல் அளவை ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

கடைசியாக, தனக்குப் புரியாததை எறிந்துவிடும் பழக்கம். ஒரு மென்பொருள் அறியாத புலத்தையும் குறிப்புரையையும் அப்படியே வைத்திருந்து திரும்ப எழுத வேண்டும் என்பதை வடிவத்தின் விதியாகவே ஆக்க வேண்டும். ‘தலைவிளக்கைத் திசைகாட்டிக்கு மிக அருகில் வைத்துவிட்டேன், இந்தத் திசை சந்தேகம்’ என்று அளந்தவர் ஒரு கோட்டின் ஓரத்தில் எழுதியிருப்பார். கோப்பு இரண்டு முறை மாற்றப்படுவதற்குள் அந்த வரி காணாமல் போயிருக்கும். பல ஆண்டுகள் கழித்து ஒரு சுற்று சில மீட்டர் பிசகி நிற்கும்போது, அந்த ஒரு கோட்டைத் தேடி ஒரு குழு மறுபடியும் கயிறு கட்டி உள்ளே இறங்கும்.